சாம்பல் நிறச் சதுரம்

கார்களில் வழிகாட்டிக் கருவி பொருத்துவது என் தொழில். பாட்டுப் பெட்டி, பின்பக்கக் கேமரா, திருட்டு அலாரம் எல்லாமே பார்ப்பேன் என்றாலும் மனசுக்குப் பிடித்தது வழிகாட்டிதான். கடைக்கு வருகிறவர்கள் கேட்கிற முதல் கேள்வி எப்போதும் ஒன்றே. இது அவசியமா, போனிலேயே பார்த்துக்கொள்ளலாமே என்பார்கள்.

பெரும்பாலானவர்களுக்குப் போனே போதும். அதை நான் மறைப்பதில்லை. ஆனால் பதில் சொல்வதற்கு முன், அது எப்படி வேலை செய்கிறது என்று விளக்காமல் என்னால் இருக்க முடியாது. இதை என் மனைவி வியாதி என்பாள். மேலே சுற்றுகிற செயற்கைக்கோள்கள் உங்களை எட்டிப் பார்ப்பதில்லை என்பதில்தான் நான் ஆரம்பிப்பேன். அவற்றுக்கு நீங்கள் இருப்பதே தெரியாது. இப்போது நேரம் இது, நான் இருப்பது இங்கே என்று ஒவ்வொன்றும் ஓயாமல் சொல்லிக்கொண்டே இருக்கிறது, அவ்வளவுதான். உங்கள் காரில் உள்ள கருவி அதைக் காது கொடுத்துக் கேட்கிறது. தொலைவில் இருப்பதன் குரல் ஒரு நூலளவு தாமதமாக வரும். அந்தத் தாமதங்களை ஒன்றோடொன்று ஒட்டிப் பார்த்து, அப்படியானால் நான் இங்கேதான் இருக்க வேண்டும் என்று தானே கண்டுகொள்கிறது. பேசுகிறவருக்குக் கேட்கிறவரைத் தெரியாது. கேட்கிறவர் பதில் பேசுவதில்லை. இதைச் சொல்லும்போது எனக்கு இன்றைக்கும் உடம்பு சிலிர்க்கும். வந்தவர் மணி பார்ப்பார்.

கடைசியில் ஒரு வாக்கியம் வைத்திருப்பேன். இது புத்திசாலி இல்லை, ஆனால் பொய் சொல்லத் தெரியாது, என்பேன்.

இந்தக் கருவியை என்னிடம் வாங்க வருவார் என்று கனவிலும் நினைக்காத ஆள் என் அத்தான், அக்காவின் கணவர். மின்சார மீட்டர் கணக்கெடுக்கிற வேலை அவருக்கு. ஊரில் அவர் கால் படாத சந்து கிடையாது. எந்த வீட்டில் மீட்டர் மாடிப்படிக்கு அடியில் இருக்கிறது, எந்த வீட்டில் கேட்டைத் தட்டிவிட்டு இரண்டடி பின்னால் நிற்க வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. என் கடைக்கு வரும்போதெல்லாம், வீட்டுக்குப் போக வழி தெரியாதவன் வெளியிலேயே கிளம்பக் கூடாது என்று என் வியாபாரத்தைக் கிண்டல் பண்ணிவிட்டுத்தான் உட்காருவார். அதெல்லாம் வாலு போவதற்கு முன்.

வாலு அக்காவின் ஒரே பெண். பெயர் வேறு, ஆனால் அப்படித்தான் கூப்பிடுவோம். பள்ளிக்கூடத்தின் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். சைக்கிளில் போனபோது ஒரு லாரி. நான் அப்போது ஒரு வேலையாக வேறு ஊருக்குப் போயிருந்தேன். வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. ஊருக்கு வடக்கே, லாரிகளை எடை போடுகிற மேடை இருக்கும் நாற்சந்தியில் நடந்ததாக அத்தான் சொன்னார். அந்தப் பக்கம்தான் அவளுடைய தோழி வீடு. அங்கே படிக்கப் போவதாக அன்று காலை அம்மாவிடம் போனில் சொல்லியிருந்தாள். போலீஸ், ஆஸ்பத்திரி, கையெழுத்து எல்லாவற்றுக்கும் அத்தான் ஒருவர்தான் நின்றார். அக்கா படுத்த படுக்கையாகக் கிடந்தாள். யாரும் எதையும் துருவிக் கேட்கவில்லை.

அக்கா ஒரு மருத்துவமனையின் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். ரத்தத் துளியைக் கண்ணாடித் தகட்டில் தேய்த்து நுண்ணோக்கியில் பார்த்துச் சொல்கிற வேலை. பல மாதம் கழித்து அவள் மறுபடி வேலைக்குப் போகத் தயாரானபோது, இதுவரை பஸ்ஸில் போனது போதும் என்று அத்தான் பழைய கார் ஒன்றை வாங்கினார். வாங்கிய கையோடு என்னிடம் வந்தார்.

"மாப்ள, உன் பெட்டியில ஒரு இடத்துக்குப் போகவே கூடாதுன்னு சொல்லி வைக்க முடியுமா?"

எனக்கு அவரைப் பார்த்துப் பாவமாக இருந்தது. அதே சமயம் உள்ளுக்குள் ஒரு குஷியும் வந்தது என்பதைச் சொல்லத்தான் வேண்டும். ஏனென்றால் அந்த வசதி பலருக்குத் தெரியாது. வரைபடத்தில் ஒரு சதுரம் வரைந்து, இதைத் தவிர் என்று சொல்லிவிட்டால் போதும். சாலைகளை அது அழிப்பதில்லை. கருவி வழி தேடுவது நாம் காய்கறிக் கடையில் பை தூக்கி அலைவது மாதிரிதான். ஒவ்வொரு சாலைக்கும் ஒரு பாரம் உண்டு, மொத்தப் பாரம் எதில் குறைவோ அதுதான் வழி. சதுரத்துக்குள் இருக்கிற சாலைகளின் மேல் மட்டும் மலையளவு பாரத்தை ஏற்றி வைத்துவிடும். வேறு வழி இருக்கும்வரை அது அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்காது. போனில் இந்த வசதி இல்லை. இதை எல்லாம் அத்தானுக்கு விளக்கினேன். அவர் வழக்கமாகச் செய்வதுபோலக் குறுக்கே பேசவில்லை. கடைசிவரை கேட்டார்.

கருவியின் வயரை ஓட்டுவதற்கு முன்சீட்டுக்கு எதிரே இருக்கிற சின்ன அறையை முழுசாகக் கழற்ற வேண்டும். அதற்குள் கார் காகிதங்கள், ஒரு துணி, அப்புறம் பழுப்பு நிறத்தில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கூடு. மேலே ரப்பர் வளையம் போட்டிருந்தது. எடுத்து ஓரமாக வைத்தேன். அத்தான் உடனே அதை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். வேலை முடிந்து அறையை மாட்டியதும் அதைத் திரும்ப அங்கேயே வைத்து மூடினார். அவருக்குக் கண்ணாடி கிடையாது. அப்போது அதை நான் யோசிக்கவில்லை.

சதுரத்தை அவரே விரலால் வரைந்தார். எடைமேடைச் சந்திப்பைச் சுற்றி நாலு கோடு. விரலை எடுத்ததும் உள்ளே சாம்பல் நிறம் பரவியது.

அதற்கப்புறம் கொஞ்ச காலம் அந்தக் கருவிதான் எங்கள் குடும்பத்தின் நகைச்சுவை. மருத்துவமனைக்குப் போகிற வழியில் அதற்கு வேலையே இல்லை. ஆலையின் நீளமான மதிலை ஒட்டிப் போகும் நேர்ச்சாலை அது. ஆனால் என் வீட்டுக்கோ ரயில் நிலையத்துக்கோ வரவேண்டுமானால் வடக்கே வரவேண்டும். வந்தால் அது ஊரைச் சுற்றிக் காட்டிவிட்டுத்தான் கொண்டுவந்து விடும். அக்கா என் வீட்டுக்குள் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிடுவாள்.

"டேய், நீ வித்த பெட்டிக்குள்ள பேசற பொம்பள இன்னைக்கும் எங்கள ஊரெல்லாம் சுத்தவெச்சுத் தண்ணி காட்டிட்டா. இவரும் அவ பேச்சத்தான் கேக்கறாரு. கட்டினவ நான் சொன்னா காதுல விழாது."

அத்தான் சிரித்துச் சமாளிப்பார். அதில் போக்குவரத்து கம்மி, மேட்டில் ஏறினால் எஞ்சினுக்கு நல்லதில்லை என்று வாய்க்கு வந்ததைச் சொல்வார். ஊரெல்லாம் காலால் அளந்த மனுஷன், இடப்பக்கம் திரும்பு என்று ஒரு பெட்டி சொன்னால் திரும்புகிறார் என்று என் மனைவிகூடக் கேலி செய்தாள்.

ஒருநாள் அக்கா கடைக்குத் தனியாக வந்தாள். திரையில் ஓரமாக ஒரு சாம்பல் சதுரம் தெரிகிறதே, அது என்ன என்று கேட்டாள். மறைத்துவிடலாமா என்று தோன்றியது. ஆனால் கேட்டவளுக்குப் பதில் சொல்லாமல் இருந்து எனக்குப் பழக்கமில்லை. சொன்னேன். பாரம், சாலை, வழி எல்லாம் சொன்னேன். அவள் என் மேஜையில் கிடந்த திருகாணிகளை ஒவ்வொன்றாக நிமிர்த்தி வைத்தபடி கேட்டாள்.

அன்றிலிருந்து அவள் கருவியைக் கிண்டல் செய்வதை விட்டுவிட்டாள். அத்தான் எதை அவள் கண்ணில் படாமல் மறைக்க நினைத்தாரோ, அதை இந்தக் கருவி எங்கே போனாலும் கூடவே தூக்கிக்கொண்டு வந்தது. கார் ஓட ஓட, திரையில் அந்தச் சதுரம் மெல்ல மிதந்து வரும். கிட்டே வரும்போது, எந்தக் காரணமும் இல்லாத ஒரு திருப்பத்தில், இடப்பக்கம் திரும்பவும் என்று அந்தக் குரல் சொல்லும். கார் திரும்பும். சதுரம் பக்கவாட்டில் நழுவி, பின்னால் போய், திரையின் விளிம்பில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு மறையும். காருக்குள் அதுவரை பேசிக்கொண்டிருந்தவர்கள் அந்தத் திருப்பத்தில் பேச்சை நிறுத்துவார்கள். நானும் ஒருமுறை கூடப் போனேன். திரும்பும்போது பின்சீட்டில் என் பக்கத்தில் இருந்த காலி இடத்தைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

"அங்க திரும்பும்போதெல்லாம் அவ கதவத் திறந்து எறங்கிப் போற மாதிரி இருக்குடா" என்றாள் அக்கா. "நாங்க நிறுத்தாமப் போயிடறோம்."

இடத்தை ஒருமுறை பார்த்துவிட்டால் மனசு ஆறும் என்று அவள் அத்தானிடம் கேட்டாளாம். வேண்டாம் என்றாராம். மறுபடி கேட்டாளாம். சாப்பாட்டை விட்டு எழுந்து போய்விட்டாராம். நீ சொன்னால் கேட்பார், எப்படியாவது கூட்டிப்போகச் சொல் என்றாள் என்னிடம். நான் சரி என்றேன். ஒரு தாய் அந்த இடத்தைப் பார்க்கக் கூடாது என்பதில் என்ன நியாயம் இருக்கிறது என்றுதான் எனக்கும் பட்டது.

அதற்குள் வேறு ஒரு விஷயம் நடந்துவிட்டது.

வரைபடம் புதுப்பித்துக் கொடுத்தால், நானே கூடப் போய் ஒரு ஓட்டம் பார்ப்பது என் வழக்கம். அன்று காலை அக்காவை வேலைக்குக் கொண்டுவிடும்போது நானும் பின்சீட்டில் ஏறிக்கொண்டேன். மதில் சாலைக்கு வந்ததும் அக்கா தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிவிட்டாள். தினமும் அந்த இடத்தில் அவளுக்குத் தூக்கம் வந்துவிடுமாம். சாலை வெறிச்சென்றிருந்தது. நான் கருவி சொல்கிற நேரத்தை என் போன் சொல்கிற நேரத்தோடு ஒப்பிட்டேன். ஒரே தூரம், ஒரே சாலை, ஆனால் கருவி கொஞ்சம் தாமதமாகப் போய்ச் சேருவோம் என்றது.

இது ஏன் என்று எனக்குத் தெரியும், அதனால்தான் சும்மா இருக்க முடியவில்லை. போன் ஊரில் எல்லோருடைய வேகத்தையும் வைத்துக் கணக்குப் போடும். நான் பொருத்துகிற கருவி அந்தக் காரை ஓட்டுகிறவரின் வேகத்தைக் கற்றுக்கொள்ளும். நீங்கள் எந்தத் துண்டில் வழக்கமாக எப்படிப் போவீர்கள் என்று நாளுக்கு நாள் பார்த்து, அதற்கேற்ற மாதிரி நேரத்தைத் திருத்திக்கொள்ளும். பழுது பார்ப்பவர்களுக்கென்று ஒரு திரை உண்டு. அதைத் திறந்தால் சாலைகள் நிறம் நிறமாகத் தெரியும். வேகமாகப் போகிற இடம் பச்சை, தயங்குகிற இடம் சிவப்பு. இரண்டு சீட்டுக்கும் நடுவில் கையை நீட்டி அந்தத் திரையைத் திறந்தேன். மதில் சாலை முழுக்கப் பச்சை. நடுவில் மட்டும், சந்திப்போ சிக்னலோ எதுவும் இல்லாத இடத்தில், கீறினதுபோல ஒரு சின்னச் சிவப்பு.

"அத்தான், ஒரு வேடிக்கை பாருங்க" என்றேன். "இந்த இடத்துல நீங்க தினமும் ஆமை மாதிரி போறீங்களாம். போகும்போதும் வரும்போதும். உங்களுக்கே தெரிஞ்சிருக்காது, ஆனா இது கண்டுபிடிச்சு வெச்சிருக்கு."

சொல்லி முடிக்கும்போதே கார் மெதுவாகியிருந்தது. மதிலில் ஒரு இடத்தில் மட்டும் சுண்ணாம்பு புதிதாக இருந்தது. அதைத் தாண்டும்வரை அத்தான் வேகத்தைக் கூட்டவில்லை. கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்தேன். என் வாழ்நாளில் எந்த மனுஷ முகத்திலும் அப்படி ஒரு கெஞ்சலைப் பார்த்ததில்லை.

அக்கா கண்ணைத் திறக்காமல், "எந்த இடத்துல?" என்றாள்.

"இங்க முன்னாடி ஒரு பள்ளம் இருந்துச்சு" என்றார் அத்தான். "பழகிப்போச்சு."

சாலை கண்ணாடி மாதிரி இருந்தது. நான் திரையை அணைத்தேன்.

அக்காவை இறக்கிவிட்டு என் கடைக்கு வந்தோம். அத்தான் காரை விட்டு இறங்கவில்லை. கதவைத் திறந்துவைத்து, ஒரு காலை வெளியே போட்டபடி உட்கார்ந்திருந்தார். அவரே அந்த அறையைத் திறந்து கண்ணாடிக் கூட்டை எடுத்து என் கையில் வைத்தார். ரப்பர் வளையத்தைக் கழற்றினேன். அக்காவின் பழைய கண்ணாடி. காதில் மாட்டும் கம்பி ஒரு பக்கம் மடங்கி, கண்ணாடியில் ஒன்று இல்லை.

அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன். அன்று காலை அக்கா கண்ணாடியை வீட்டில் மறந்து வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டாள். போய்ச் சேர்ந்ததும் வீட்டுக்குப் போன் செய்து, அப்பா வந்தால் கொண்டுவரச் சொல், இல்லாவிட்டால் பரவாயில்லை, இன்று ஒருநாள் சமாளித்துக்கொள்வேன் என்று வாலுவிடம் சொன்னாள். வாலு சரி என்றாள், தோழி வீட்டுக்குப் படிக்கப் போகிறேன் என்றாள். ஆனால் முதலில் அம்மாவிடம் கண்ணாடியைக் கொடுத்துவிட்டு அப்படியே போகலாம் என்று நினைத்திருக்க வேண்டும். வடக்கே போகவேண்டியவள் கிழக்கே வந்தாள். மதில் சாலையில் லாரி. புத்தகப் பைக்குள் இந்தக் கூடு.

"உங்க அக்கா மொதல்ல கேட்டது, எங்கன்னுதான். அந்த நேரத்துல என் வாயில எடைமேடைன்னு வந்துடுச்சு. மதில் ரோடுன்னு சொல்லியிருந்தா, எதுக்கு அங்க வந்தான்னு அவளே கணக்குப் போட்டுடுவா. அப்புறம் அவ உயிரோட இருப்பான்னு நெனைக்கிற?"

பஸ்ஸில் போனால் யாராவது பேசுவார்கள் என்று கார் வாங்கினார். மருத்துவமனையில் பெரிய டாக்டர் ஒருவரிடம் மட்டும் சொல்லி, அங்கே யாரும் வாயைத் திறக்காமல் பார்த்துக்கொண்டார். இடம் மதில் சாலை இல்லை, எடைமேடைதான் என்று அக்கா மனசில் பதிய வேண்டும் என்பதற்காகத்தான் இந்தக் கருவி. எல்லோரும் அவரைக் கோழை என்று நினைத்தோம், அந்தச் சந்திப்பைப் பார்க்கத் தெம்பில்லாமல் சுற்றிப் போகிறார் என்று. உண்மையான இடத்தை அவர் தினமும் இரண்டு தடவை, பக்கத்தில் தூங்குகிற மனைவியோடு, கடந்துகொண்டிருந்தார். நிறுத்த முடியாது. திரும்பிப் பார்க்க முடியாது. ஆக்சிலேட்டரிலிருந்து காலை மட்டும் கொஞ்சம் எடுத்துவிடுவார். அவ்வளவுதான் அவர் பெண்ணுக்குச் செய்ய முடிந்தது. கருவி அதைக் கற்றுக்கொண்டது.

"நான் அக்காகிட்ட சொல்ல மாட்டேன். அவ கேக்கற மாதிரியே கூட்டிட்டுப் போய்டுங்க அத்தான்" என்றேன். "எடைமேடைக்கே போவோம்."

அந்த ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் போனோம். சதுரத்தை அழிக்கவேண்டாம் என்றாள் அக்கா. போக வேண்டிய இடமாக அந்தச் சந்திப்பையே போடச் சொன்னாள். போட்டேன். நீங்கள் தேர்ந்த இடம், தவிர்க்கச் சொன்ன பகுதிக்குள் இருக்கிறது, தொடரலாமா என்று திரையில் வந்தது. அத்தான் கையை எடுத்துக்கொண்டார். அக்கா குனிந்து, ஆம் என்பதை அவளே அழுத்தினாள். அந்தத் திருப்பம் வந்தது. முதல்முறையாக அந்தக் குரல், நேராகச் செல்லவும் என்றது. திரையில் அம்பு சாம்பல் நிறத்துக்குள் நுழைந்தது.

சந்திப்பில் பெரிதாக ஒன்றும் இல்லை. எடைமேடையில் ஒரு லாரி ஏறி நின்றது. உள்ளேயிருந்து யாரோ எடையைக் கத்திச் சொன்னார். பக்கத்தில் மெத்தை விற்கிற கடை ஒன்று, ஒரு விளக்குக் கம்பம். அக்கா இறங்கினாள்.

"எந்த எடம்?"

அத்தான் பொய் சொன்னபோதெல்லாம் வாயால்தான் சொல்லியிருந்தார். இப்போது கையால் சொல்ல வேண்டியிருந்தது. நான் பார்க்கப் பார்க்க அவர் கை பாதிவரை எழுந்தது, அங்கே நின்றது, அப்புறம் விளக்குக் கம்பத்தின் பக்கம் நீண்டது. அக்கா அங்கே போனாள். கம்பத்தின் அடியில் மண்ணைப் பார்த்தாள். கையால் கம்பத்தைத் தொட்டாள். அழவில்லை. வெகுநேரம் அத்தானையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்லா வெயில் படற எடமாத்தான இருக்கு" என்றாள். "இதுக்குப் போயா இப்பிடி ஒளிச்சு வெச்சீங்க?"

வீட்டுக்கு வரும் வழியில் சதுரத்தை அழிக்கச் சொன்னாள். இனிமேல் வேலைக்கும் இந்த வழியாகவே போவோம், சுற்றுதான், ஆனாலும் தினமும் ஒரு தடவை அவள் இருந்த இடத்தைப் பார்த்த மாதிரி இருக்கும் என்றாள். அத்தான் வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தார். சரி என்றார்.

அப்படித்தான் ஆயிற்று. காலையில் வடக்கே போய், எடைமேடையைத் தொட்டு, கிழக்கே வளைந்து மருத்துவமனை. மாலையில் அதே வழி. கருவி சில நாள் முரண்டு பிடித்தது, மதில் சாலைக்குத் திரும்பச் சொல்லிப் பார்த்தது. இடையில் நிற்கும் இடமாக எடைமேடையைப் பதிந்து கொடுத்தேன். அடங்கிவிட்டது.

ஒரு வாரம் கழித்து அத்தான் கடைக்கு வந்தார். பேச்செல்லாம் வேறு எதையோ பற்றி. கிளம்பும்போது கதவருகே நின்று, நீ கடைக்கு மதில் சாலை வழியாகத்தானே வருகிறாய் என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

"அங்க இப்ப நம்ம வீட்டுல யாருமே போறதில்ல மாப்ள. நீ போகும்போது, கொஞ்சம் மெதுவாப் போ."

அன்றிலிருந்து போகிறேன். புதுச் சுண்ணாம்பு தெரிகிற இடத்துக்கு முன்பே காலை எடுத்துவிடுவேன். பின்னால் வருகிறவர்கள் ஒலிப்பானை அழுத்துவார்கள், திட்டுவார்கள். என்னிடமும் அதே கருவிதான் இருக்கிறது. முதலில் அது என்னைக் கண்டுகொள்ளவில்லை. அப்புறம் ஒருநாள் காலையில் பார்த்தேன், வழக்கத்தைவிடக் கொஞ்சம் தாமதமாகக் கடைக்குப் போய்ச் சேருவேன் என்று சொன்னது. பழுது பார்க்கிற திரையைத் திறக்க எனக்குத் தைரியம் வரவில்லை. திறக்காமலே தெரியும், எந்த இடத்தில் சிவப்பு என்று.

போன மாதம் அத்தானின் கார் பட்டறைக்குப் போயிருந்தது. அக்காவை வேலைக்குக் கொண்டுவிட நான் போனேன். எடைமேடை வழியாகப் போக நினைத்துத்தான் கிளம்பினேன். திருப்பம் வரும்போது அக்கா, நேரமாகிவிட்டது, மதில் சாலையிலேயே போ என்றாள். போனேன். இன்று ஒருநாள் வேகமாகக் கடந்துவிட வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கால் கேட்கவில்லை. இடம் வந்ததும் அதுவாக எழுந்துகொண்டது. கார் மெதுவாகியது.

அக்கா தூங்கவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, கம்பிகளை மடக்கி, மடியில் வைத்து, இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள். கண்ணாடி இல்லாவிட்டால் அவளுக்குத் தூரத்தில் எதுவும் தெரியாது. அப்படியே மதிலைப் பார்த்துக்கொண்டு வந்தாள். புதுச் சுண்ணாம்பு பக்கத்தில் வந்து, பின்னால் போயிற்று.

"நீயுமா" என்றாள்.

நான் வாயைத் திறந்தேன். பள்ளம் என்று சொல்ல நினைத்தேன்.

"வேணாம்டா. நீதான சொன்ன, இதுக்குப் பொய் சொல்லத் தெரியாதுன்னு. அன்னிக்கு இங்க ஆமை மாதிரி போறாருன்னு நீ சொன்னப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. நான் மறந்து வெச்சிட்டுப் போன கண்ணாடிய அப்புறம் வீட்ல தேடாத எடம் இல்ல." மடியில் மூடிய கையைக் குனிந்து பார்த்தாள். "அவரு தெனம் ரெண்டு தடவ இதத் தாண்டணுமேன்னுதான் அந்தப் பக்கம் போகலாம்னு சொன்னேன். எனக்குத் தெரியும்னு அவருகிட்ட சொல்லிடாத. அந்தக் கம்பத்துகிட்ட வந்தா கொஞ்சம் நிம்மதியா இருக்கற மாதிரி நடிக்கறாரு. நானும் நடிக்கறேன். போகட்டும்."

அவரும் இந்த இடத்துக்காகத்தான் ஏங்கிக்கொண்டிருக்கிறார், யாரும் போவதில்லை என்று என்னிடம் சொன்னார் என்பதை அவளிடம் சொல்லலாமா என்று யோசித்தேன். அத்தானுக்குக் கொடுத்த வாக்கு ஒரு பக்கம், அக்காவுக்கு இப்போது கொடுக்கப்போகிற வாக்கு ஒரு பக்கம். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் காப்பாற்றுவதற்காக, பெண் இல்லாத இடத்துக்குத் தினமும் போய் வருகிறார்கள். அவள் இருந்த இடத்துக்கு நான் மட்டும் போகிறேன்.

மதில் முடிந்தது. அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள். சாலை அவளுக்குத் தெளிவாகத் தெரிய ஆரம்பித்திருக்கும். நான் வேகத்தைக் கூட்டினேன். திரையில், போய்ச் சேரும் நேரம் மாறவே இல்லை. நாங்கள் அங்கே தயங்குவோம் என்பது அந்தக் கருவிக்கு முன்பே தெரியும்.